பூண்டுக்காரரும் துருப்பிடித்த குறடும்

பல் ஆஸ்பத்திரியில் நோயாளிக்குத்தான் பயம் என்று நினைப்பவர்கள், கருவி கழுவும் எங்கள் வயிற்றுக்குள் எட்டிப் பார்த்ததில்லை. கொடைக்கானல் மூடுபனியில் கொடியில் போட்ட துணியே காயாது; இதில் கருவிகளைக் காயவைத்து, துருவிடமிருந்து காப்பாற்றும் பாவப்பட்ட ஜென்மங்களே, உங்களுக்குத்தான் இது.

ப்ளீச்சிங் பவுடர்

எங்களிடம் கீழ்க் கடைவாய்ப் பல் பிடுங்க ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குறடு இரண்டு இருந்தன. நான் லீவில் போன அன்று, பெருக்கித் துடைக்கும் பாண்டியம்மாக்கா எனக்கு உதவுவதாக நினைத்து, அதில் ஒன்றை ப்ளீச்சிங் பவுடர் தண்ணீரில் ஊறப்போட்டுவிட்டார். மறுநாள் பார்த்தால், ஊசியால் குத்தியதுபோல் பொடிப்பொடிப் பள்ளம். ஸ்டெயின்லெஸ் என்றாலும் குளோரின் அரித்துவிடும். அந்தப் பள்ளத்தில் ரத்தமும் அழுக்கும் போய் உட்கார்ந்தால் எந்தப் பிரஷ்ஷாலும் எடுக்க முடியாது. அதைக் கழித்துக்கட்ட வேண்டியதாயிற்று. அக்காவோ, "கக்கூஸே பளிச்சுனு ஆவுது, இதுக்கு என்ன கேடு தம்பி?" என்றார்.

கண்ணாடி மாதிரி ஒன்று

டாக்டரம்மா அவசரத்துக்கு ஆன்லைனில் மலிவாக ஒரு குறடு வரவழைத்தார். கண்ணாடி மாதிரி மின்னியது. சில தடவை, கிருமி கொல்லும் ஆட்டோகிளேவின் நீராவிக்குள் போய் வந்ததும் சாயம் வெளுத்தது. உள்ளே வெறும் இரும்பு, மேலே குரோமியம் முலாம். மூட்டில் முலாம் உரிந்து, காவி நிறத்தில் துரு. மற்றவற்றோடு சேர்த்துப் போட்டால் நல்ல ஸ்டீலிலும் அந்தக் கறை ஒட்டும். உரிந்த பொடி யார் வாய்ப் புண்ணுக்குள்ளாவது போனால்? எனக்குச் சோறு இறங்கவில்லை. அதை அலமாரியில் ஒதுக்கி வைத்துவிட்டு டாக்டரம்மாவிடம் போய்ச் சொன்னேன். "ஐயையோ, ரிட்டர்ன் டேட் முடிஞ்சிருச்சேப்பா!" என்றார்.

கடைசி பஸ்

பூம்பாறையில் பூண்டு போடும் மாயாண்டி அண்ணன் கன்னம் வீங்கி வந்தார். சர்க்கரை வியாதிக்காரர்; அழுக்கு உள்ளே போனால் புண் லேசில் ஆறாது. மிச்சமிருந்த ஒரே நல்ல குறடு அப்போதுதான் வேறொருவருக்குப் பயன்பட்டு ஆட்டோகிளேவுக்குள் போயிருந்தது. பாதியில் கரண்ட் போனது. வந்த பிறகு முதலிலிருந்து ஓட்டினேன். அண்ணனுக்குப் பொறுமை போய்விட்டது. "வெரசா புடுங்கி விடுங்க, கடைசி பஸ்ஸு போயிரும். அந்தா ஒண்ணு சும்மாதான கெடக்கு?" என்று அலமாரியைக் காட்டினார். டாக்டரம்மா அந்தத் துருக் குறட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் போய் அலமாரியைச் சாத்தினேன். "வேண்டாம் டாக்டர்" என்றேன்.

பஸ் போய்விட்டது. நல்ல குறடு நீராவியில் வெந்து, காய்ந்த பிறகே பல் வெளியே வந்தது. எப்படியோ அண்ணனுக்கு ஒரு காய்கறி ஜீப் கிடைத்தது. வேலிக்கம்பி முறுக்க ஆகும் என்று அவர் அந்தத் துருக் குறட்டைக் கேட்க, பஸ்ஸை விட்ட கோபம் தணியட்டும் என்று டாக்டரம்மாவும் கொடுத்துவிட்டார். அப்பாடா, பீடை ஒழிந்தது என்று மூச்சு விட்டேன். ஜீப் நகரும்போது, பஞ்சைக் கடித்த வாயோடு அவர் கத்தினார்: "எம் மச்சானுக்கும் ஒரு பல்லு ஆடிக்கிட்டுக் கெடக்கு தம்பி, இனி அவன் இங்க வர வேண்டியதில்ல!"

அன்றிலிருந்து பூம்பாறை பஸ்ஸிலிருந்து கன்னத்தைப் பிடித்துக்கொண்டு யார் இறங்கினாலும், முதலில் வலிப்பது எனக்குத்தான்.