செம்பனைக்குள் எங்கள் கம்பம்

ஈஜோக்கிலிருந்து புஞ்சாக் ஆலாம் போகும் வழியில், பெரிய சாலையை விட்டுச் செம்மண் பாதையில் இறங்கினால் எங்கள் கம்பத்துக்கு வரலாம்; சின்னக் கிராமம்தான். பாதை நேராக வராது. எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்களுக்குள் வளைந்து, கால்வாய்ப் பாலத்தைக் கடந்து, இரண்டு மூன்று இடத்தில் பிரியும். மேட்டில் மாரியம்மன் கோயில் தெரிந்த பிறகுதான் வீடுகள் தொடங்கும். தோட்டம் கைமாறியபோது பலர் ரவாங் பக்கம் போய்விட்டார்கள். இப்போது மிஞ்சியிருப்பது இருபது வீடு. பெரும்பாலும் பழைய தோட்டத் தொழிலாளர் லயத்துக் குடும்பங்கள். கால்வாயோரம் இரண்டு கிறிஸ்துவக் குடும்பங்கள். பாலத்தருகே ஒரு மலாய்க்கார அண்ணன்.

போன மழைக்காலத்தில் ஒரு மத்தியானம், அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டார். ஆம்புலன்சைக் கூப்பிட்டேன். கொஞ்ச நேரத்தில் ஓட்டுநரே அழைத்தார். தமிழர்.

"எந்தப் பக்கம் திரும்பினாலும் செம்பனையா இருக்கு தங்கச்சி. மேப்புல பாதையே காட்டல லா."

அப்பாவை விட்டு என்னால் நகர முடியவில்லை. பக்கத்து வீட்டு அக்காவைக் கத்திக் கூப்பிட்டேன்.

"நீ அப்பாவப் பாரு. வழிய நாங்க பாத்துக்கிறோம்," என்று சொல்லிவிட்டு, அவர் கம்பத்து வாட்ஸ்அப் குழுவில் குரல் செய்தியாகப் பேசிப் போட்டார். மழைச் சத்தத்துக்கு நடுவே மோட்டார்சைக்கிள்கள் கிளம்புவது கேட்டது. அதிக நேரம் போகவில்லை. ஆம்புலன்ஸ் வாசலில் வந்து நின்றது.

அப்பாவோடு வண்டியில் ஏறிப் போகும்போதுதான் பார்த்தேன். பாதை பிரியும் இடமெல்லாம் ஆட்கள் நின்றார்கள். ராத்திரி வேலை முடிந்து தூங்கிக்கொண்டிருந்த எதிர்வீட்டுத் தம்பி கைலியோடு நனைந்துகொண்டிருந்தான். கிறிஸ்துவ வீட்டு மாமா குடையை ஆட்டி வழி காட்டினார். மலாய்க்கார அண்ணன் ஆம்புலன்சுக்கு வழிவிட்டு, தன் பழ லோரியைப் பாலத்துக்கு அப்பால் ஒதுக்கி நிறுத்தி வைத்திருந்தார்.

"பெரிய கம்பமா தங்கச்சி? எங்க பாத்தாலும் ஆளா நிக்குதே!" என்றார் ஓட்டுநர்.

"இருபது வீடுதாண்ணே."

அப்பாவின் கை என் கைக்குள் சில்லென்றிருந்தது. பயம் போகவில்லை. ஆனாலும் அதைச் சொன்னபோது என் குரல் நடுங்கவில்லை.

நேரத்துக்குக் கொண்டு வந்துவிட்டீர்கள் என்றார் டாக்டர். அப்பா பிழைத்தார். வீடு திரும்பியதும் முதல் வேலையாக, எல்லார் வீட்டுக்கும் போய் வரவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். நான் காரை மெல்ல ஓட்டினேன். வீட்டுக்கு வீடு தேத்தண்ணீர். "சீனி போடாதீங்க," என்று ஒவ்வொரு வாசலிலும் நான் சொல்லிக்கொண்டே போனேன். ஒருவரும் கேட்கவில்லை.