யாரையும் வேலையை விட்டு நிறுத்தாத முதலாளி

இன்று ஸ்ரீமுஷ்ணம் பஸ்ஸில் பக்கத்தில் செல்வி. ஒரு பீங்கான் பொம்மைக் கம்பெனியில் வண்ணம் பூசியவர். அந்தக் கம்பெனியின் சூளை அணைந்து பல மாதங்களாகின்றன.

"வேலை போனவங்களுக்கு கவர்மெண்ட் பணம் குடுக்குற திட்டத்தை இன்னும் நீட்டிச்சிருக்காங்களாமே, வாங்கினீங்களா?" என்று கேட்டேன்.

"எங்கக்கா! வேலையை விட்டு நிறுத்திட்டேன்னு மொதலாளி எழுதித் தரணுமாம். கேட்டதுக்குக் கோவிச்சிக்கிட்டாரு. 'நீ எங்க வூட்டுப் பொண்ணு, உன்னை நான் எப்ப நிறுத்துனேன்? சூளை பத்தவெச்சா மொத ஆளா கூப்புடுறேன்'றாரு."

"சம்பளம்?"

"சூளை எரிஞ்சாத்தானே சம்பளம்? நல்ல மனுசன்க்கா."

எனக்குத்தான் எரிந்தது. அரசு எத்தனை முறை நீட்டித்தாலும், செல்வி வேலையில்தான் இருக்கிறார்.

அன்பு கொஞ்சம் குறைந்த முதலாளி யாரையாவது தெரிந்தால் சொல்லுங்கள். செல்வியைச் சேர்த்துக்கொண்டு, முறையாக எழுதிக் கொடுத்துத் துரத்திவிட வேண்டும்.