பனிக்குள்ளிருந்து தட்டிய சத்தம்

எழுபத்தைந்து, எழுபத்தாறு வாக்கில் நடந்தது இது. இலங்கையில், றக்வானை ஊருக்கு மேலே, தேயிலை முடிந்து பத்தனைப் புல்வெளி தொடங்குகிற இடத்தில் எங்கள் லயம், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள். மத்தியானத்திலும் மூடுபனி வாசலில் வந்து நிற்கும்.

பக்கத்து வீட்டு அக்காவின் கணவர் காய்ச்சலில் திடீரென்று போய்விட்டார். இடுப்பில் கைக்குழந்தை. அக்கா அழவே இல்லை, கல்லாய் உட்கார்ந்திருந்தார். இவரும் போய்ச் சேர்ந்துவிடுவாரோ என்று நான் அடிக்கடி போய் எட்டிப் பார்த்தேன்.

கருமாதி முடிந்த மறுநாள் விடியலில் அந்தச் சத்தம் தொடங்கியது. டக், டக், டக். சற்று நின்று மறுபடியும் டக், டக். அக்கா வீட்டு முன்திண்ணையான இஸ்தோப்பின் சுவரில்தான். கதவைத் திறந்தால் பனியைத் தவிர யாரும் இல்லை. அடுத்த நாளும் அதே நேரம். அவர் உயிரோடிருந்தபோது காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குக் கிளம்புமுன் அங்கே நின்று தலைவாருகிற நேரம் அது.

"கூட்டிட்டுப் போகத்தான் வர்றாரு" என்று லயம் முழுக்கக் கிசுகிசுத்தார்கள். கோடாங்கியை அழைக்கவும் பேச்சு நடந்தது.

நான் ஒன்றும் வீராங்கனை இல்லை. பல்லி விழுந்தாலே ஊரைக் கூட்டுகிறவள். ஆனாலும் அக்காவை விட்டுவிட மனம் வரவில்லை. ஒரு விடியலில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, கதவிடுக்கு வழியாகப் பார்த்திருந்தேன். பனி வெளுத்தபோது சத்தம் வந்தது. பிறகுதான் தெரிந்தது, அது ஒரு தேன்சிட்டு. பத்தனைப் பூக்களில் திரிகிற, கட்டைவிரல் பருமன் குருவி. அவர் தலைவார மாட்டியிருந்த கண்ணாடியில் தன் உருவத்தையே எதிரி என்று நினைத்து, வளைந்த மூக்கால் கொத்திக்கொண்டிருந்தது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றி எங்கள் வீட்டில் வைத்துவிட்டு, அக்காவிடமும் விஷயத்தைச் சொன்னேன். தலையை மட்டும் ஆட்டினார். சத்தம் நின்றது. லயமே மெச்சியதில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஆனால் அன்றிலிருந்து அக்கா வீட்டில் அடுப்பு புகையவில்லை. பிள்ளை பசியில் கத்தியது. நாங்கள்தான் மாறி மாறிக் கஞ்சி ஊட்டினோம். "பிஸ்ஸு புடிச்சிருச்சு பாவம், புத்தி கலங்கிப் போச்சு" என்றார்கள்.

சில நாள் கழித்து, விடியலில் மறுபடியும் டக், டக், டக். கண்ணாடிதான் எங்கள் வீட்டில் இருக்கிறதே! சாமியைக் கூப்பிட்டுக்கொண்டே கதவைத் திறந்தேன். பனிக்குள் வெள்ளையாய் ஓர் உருவம். அக்காதான். தலைவிரி கோலமாய், கண்ணாடி தொங்கிய வெறும் சுவரில் விரலை மடக்கித் தட்டிக்கொண்டிருந்தார்.

"என்னக்கா செய்றீங்க?"

"குருவின்னு மொத நாளே பாத்துட்டேன் புள்ள" என்றார் திரும்பாமலே. "அது தட்டுனா அவரு வேலைக்குக் கெளம்புற மாதிரி இருந்திச்சு. தேத்தண்ணி வைக்க எந்திரிக்க முடிஞ்சிச்சு."

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. உடனே கண்ணாடியைக் கொண்டுவந்து பழைய ஆணியிலேயே மாட்டினேன். குருவி சில நாள் வரவில்லை. அது வரும்வரை, விடிந்ததும் அந்தக் கண்ணாடியில் நானே போய்த் தட்டினேன். தட்டுவது நான் என்று அக்காவுக்குத் தெரியும். தெரிந்தேதான் எழுந்து அடுப்பு மூட்டினார்.

துக்க வீட்டில் யார் எதைப் பிடித்துக்கொண்டிருந்தாலும், 'அது வெறும் குருவிதான்' என்று சொல்ல இன்றுவரை எனக்கு நா எழுவதில்லை.