படல் பாலத்துக்கு அப்பால்

செம்வா ஆற்றுப் பள்ளத்தாக்கில் கிலேன் போட்ட பாதையில் போகாத சைக்கிள்காரர் அநேகமாக இல்லை. அவள் முகம் தெரிந்தவர்கள்தான் குறைவு. காலையிலும் சாயங்காலமும் பள்ளிப் பேருந்து ஓட்டுவாள். நடுவில் கிடைக்கிற பொழுதெல்லாம் காட்டுச் சரளைப் பாதைகளில் சைக்கிள்தான். மரம் ஏற்றும் லாரிகள் போட்ட தடம், வேட்டைக்காரர்களின் ஒற்றையடிப் பாதை, பழைய புகையிலைக் கொல்லைக்குப் போகும் வண்டித்தடம், எல்லாவற்றையும் ஒன்றோடொன்று கோத்து ஒரு வட்டமாக்குவாள். அந்த வட்டத்தை வரைபடத்தில் ஒரு கோடாக வரைந்து இணையத்தில் போட்டுவிடுவாள். வெளியூர்க்காரர்கள் அதைக் கைப்பிடியில் மாட்டிய சின்னத் திரையில் இறக்கிக்கொண்டு, அது காட்டிய வழியே போவார்கள். பெயர் மட்டும் போடமாட்டாள். போட்டால் நன்றி சொல்லியே கழுத்தை அறுப்பார்களாம்.

அடைமழையில் தான் ஓட்டிப் பார்க்காத எந்தப் பாதையையும் அவள் அடுத்தவருக்குக் கொடுத்ததில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும், உழைத்துச் சேர்த்த தலைக்கனம்.

அவள் போட்டதிலேயே ஜனங்களுக்கு மிகவும் பிடித்தது, ஊருக்குக் கீழே படல் பாலத்தைத் தாண்டிப் போகும் பாதை. ஜூன் பிறந்ததும் ஊர் ஆண்களும் பெண்களுமாக ஆற்றில் இறங்கிக் கவட்டுக் கம்பங்களை நட்டு, மெல்லிய மரக்கிளைகளால் பின்னிய படல்களை அவற்றின் மேல் பரப்புவோம். இலையுதிர் காலத்து வெள்ளம் வருவதற்குள் எல்லாவற்றையும் கழற்றிக் கொட்டகையில் அடுக்கிவிடுவோம். குளிர்காலத்தில் மரத்தில் இலை இருக்காது, ஆற்றில் பாலம் இருக்காது. இதைப் போய் யாராவது எழுதிவைப்பார்களா? கிலேனும் எழுதவில்லை.

போன நவம்பரில், வேறு மொழி பேசும் கெண்ட் நகரத்திலிருந்து லீன் என்ற பெண் வந்தாள். தனியாகத்தான் வந்தாள். காரைத் தேவாலயத்துப் பக்கம் நிறுத்திவிட்டு, மலைகளைச் சுற்றி முக்கால்வாசிப் பாதையை முடித்து, மூடுபனியில் ஆற்றங்கரைக்கு இறங்கியிருக்கிறாள். கரையில் ஆள் இல்லை, பாலமும் இல்லை. திரையில் கோடு மட்டும் தண்ணீரின் மேல் நேராகப் போனது. இறங்கிக் கடக்கிற துறை என்று நினைத்திருக்க வேண்டும். சைக்கிள் பாறை இடுக்கில் கிடைத்தது. அவள் உடலை இரண்டு நாள் கழித்து, ஆற்றின் போக்கில் கீழே இருக்கும் ஆலைத் தடுப்பணையில் கண்டெடுத்தார்கள்.

விபத்து என்று எழுதி முடித்தார்கள். கோடு போட்டவர் யார் என்று யாரும் கேட்கவில்லை. ஊருக்குத் தெரியும், ஊர் வாயைத் திறக்கவில்லை. கிலேன் தன் பாதைகள் அத்தனையையும் அழித்தாள். சைக்கிளைக் கொட்டகை உத்தரத்தில் தூக்கி மாட்டினாள். அவளுடைய அண்ணன் ஃபிர்மேனுக்கு இது பொறுக்கவில்லை. அவன்தான் வருடாவருடம் பாலம் போடுவதற்குத் தலை.

"ஏண்டி, எல்லாத்தையும் அழிச்சிட்டியாமே? பாலத்துப் பாதை சரி. மத்ததெல்லாம் என்ன பாவம் பண்ணுச்சு?"

"மத்ததுல எதைச் சொல்லாம விட்டிருக்கேனோ, யாரு கண்டா?"

"தண்ணி எவ்வளவு ஓடுதுன்னு அந்தப் பொண்ணு பாத்திருக்கணும்ல?"

"அது தண்ணிய நம்பி இறங்கல அண்ணே. என்னைய நம்பி இறங்குச்சு."



ஜூன் வந்தது. சனிக்கிழமை காலை, இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு ஃபிர்மேன் எல்லாரையும் விரட்டிக்கொண்டிருந்தான். "வாத்தியாரே, அது படல், பச்சப்புள்ள இல்ல. நல்லா ஏறி மிதிங்க!" கரை முழுக்கச் சிரிப்பு. கிலேன் சிரிக்காமல் படல்களை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஆண்டுக்கு ஆண்டு முதல் ஆளாகப் பாலத்தைக் கடப்பது ஃபிர்மேன்தான். தான் போட்டதில் தானே முதலில் நடந்து காட்ட வேண்டும் என்பது ஊர் வழக்கம். அவன் கடக்கும் வரை வேறு ஒருவரும் கால் வைக்கமாட்டார்கள்.

கடைசிப் படல் இறங்குகிற நேரத்தில் ஒரு கிழவர் கரைக்கு வந்தார். காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்தார். ஒரு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். அதன் ஒரு பக்கச் சாயம் முழுக்கக் கல்லில் உரசிப் போயிருந்தது. அதைப் பார்த்ததுமே அது யாருடைய சைக்கிள் என்று எல்லாருக்கும் புரிந்துவிட்டது.

"என் பேரு வில்ஃப்ரீட். லீனோட அப்பா" என்றார். நம் மொழியைத் தேடித்தேடிப் பேசினார். "அவ எதையும் பாதில விடமாட்டா. சாப்பாட்டுத் தட்டுல ஒரு பருக்கை மிஞ்சாது. இதுதான் பாதில நிக்குது. எனக்கு முட்டி போச்சு, ஓட்ட முடியாது. பாதை தெரிஞ்ச யாராவது, இந்த சைக்கிள்ல, இங்கேருந்து கடைசி வரைக்கும் போய்ட்டு வருவீங்களா?"

இளவட்டங்கள் நாலைந்து பேர் முன்னால் வந்தார்கள். கிலேன் கையிலிருந்த படலைக் கீழே வைத்தாள். தண்ணீரிலிருந்து ஃபிர்மேன் அவளைப் பார்த்து, வேண்டாம் என்று தலையை ஆட்டினான்.

"நான் போறேன் ஐயா" என்றாள் கிலேன். "ஆனா அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும். அந்தப் பாதையப் போட்டது நான்தான்."

அவர் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். திருப்பி எடுத்துக்கொண்டு போய்விடுவார் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். அவளுக்கும் அதுவே நியாயமாகப் பட்டது.

"அப்போ பாலம் இருக்காதுன்னு உங்களுக்குத் தெரியும்?"

"தெரியும். இந்த ஊர்ல எல்லாருக்கும் தெரியும். அதான் சொல்லணும்னே தோணல."

"அவ இந்த ஊர் இல்லையே" என்றார்.

"இல்ல" என்றாள். சமாதானம் சொல்ல அவள் முயலவில்லை.

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். லீன் நெட்டைப் பெண். கிலேன் குட்டை. பிறகு கையை விட்டார். "சீட்ட இறக்காதீங்க" என்று மட்டும் சொன்னார்.

ஃபிர்மேன் தண்ணீரைவிட்டுக் கரையேறி, பாலத்தின் வாயிலிருந்து ஒதுங்கி நின்றான். முதலில் கடக்கிற உரிமையை அவன் விட்டுக்கொடுத்து நாங்கள் பார்த்ததே இல்லை. "போடி" என்றான். படல்கள் நறநறக்க, லீனின் சைக்கிளை உருட்டிக்கொண்டு கிலேன் அக்கரை போனாள்.

அக்கரையிலிருந்து செங்குத்தான ஏற்றம். சீட்டில் உட்கார்ந்தால் பெடல் கீழே போகும்போது கால் நுனிதான் எட்டியது. பாதி ஏற்றத்தை எழுந்து நின்றே மிதித்தாள். தட்டைத் தட்டையான பலகைக்கல் சரளை சக்கரத்துக்கு அடியில் நழுவியது. பல தடவை ஓட்டிய பாதைதான், ஆனாலும் அன்றைக்கு ஒவ்வொரு வளைவிலும் அவளுக்குச் சந்தேகம் வந்தது. வெளியூர்ப் பெண் ஒருத்திக்கு இங்கே என்ன தெரியும், என்ன தெரியாது என்று பார்த்துக்கொண்டே போனாள். இந்த வேலிக்கதவு பூட்டியிருந்தால் என்ன செய்வாள்? வேட்டைக் காலத்தில் இங்கே சுடுவார்கள் என்று அவளிடம் யார் சொல்வார்கள்? மேட்டின் உச்சியில் ஆறு மொத்தமும் வளைந்து தெரிகிற இடத்தில் இறங்கி நின்று அழுதாள். ஆறு மாதமாக வராத அழுகை. பிறகு மூக்கைச் சிந்திவிட்டு மறுபடி ஏறினாள். இறக்கம் முழுக்க முந்தின நாள் மழைச் சேறு, முழங்கால் வரைக்கும் தெறித்தது. ஊருக்கு மேல்புறம், வருடம் முழுக்க நிற்கிற கல்பாலத்தில் ஆற்றைத் திரும்பக் கடந்து ஊருக்கு வந்தாள்.

வில்ஃப்ரீட் தேவாலயத்துச் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். ஊர்ப் பெண்கள் கொடுத்த உருளைக்கிழங்கும் பன்றிக்கொழுப்பும் தட்டில் ஆறிப்போய் இருந்தன.

"சொல்லுங்க" என்றார்.

அவள் பக்கத்தில் உட்கார்ந்து, பாலத்திலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு வளைவாகச் சொன்னாள். ஏற்றம், ஓங்கிய பீச் மரங்கள், நழுவுகிற சரளை, உச்சியிலிருந்து தெரிகிற ஆறு. அவர் இடையிடையே "அப்புறம்?" என்றார். அவள் நிறுத்தினால் மறுபடி "அப்புறம்?" என்றார்.

"அப்புறம் இங்கதான் முடியுது. இந்தச் சுவர்கிட்ட."

"இந்த இடம் தெரியும். அவ காரை நான்தான் இங்கேருந்து எடுத்துட்டுப் போனேன்."

பிறகு அவர், "அந்தப் பாதைய அழிச்சிட்டீங்க போல. திரும்பவும் போடுவீங்களா?" என்று கேட்டார்.

"போட்டா, பாலம் எப்ப இருக்காது, அப்ப எந்த வழியாப் போகணும்னு முதல் வரியிலயே எழுதித்தான் போடுவேன்."

"எழுதுங்க. தெரியாதவங்களுக்கு எழுதுங்க."

சைக்கிளைக் காரில் ஏற்ற அவர் எழுந்தார். கிலேன் தன் கழுத்துத் துணியை அவிழ்த்து, சக்கரத்தில் அப்பியிருந்த சேற்றைத் துடைக்கக் குனிந்தாள். அவர் அவள் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"வேண்டாம்மா. அவ வீட்டுக்குத் திரும்பி வந்தா, சைக்கிள் இப்படித்தான் இருக்கும்."