மூக்கடைத்த நாளில் நிரப்பிய போத்தல்

1988 மாசி மாதம். நான் ரொறன்ரோவுக்கு வந்து பத்து மாதமாகியிருந்தது. பார்க்டேலில், எங்கள் அறையிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் ஒரு சிறிய பியர் ஆலை. பியரை வாயில் வைத்தே பார்த்திராத எனக்கு அங்கே போத்தல் கழுவும் வேலை.

பீப்பாயிலிருந்து பிடித்த பியரை, கைபிடி வைத்த பெரிய கண்ணாடிப் போத்தலில் வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். வெறும் போத்தலைத் திருப்பித் தந்தால், கழுவிவைத்த வேறொன்றில் நிரப்பிக் கொடுப்போம். சிலர் அதில் மண்ணெண்ணெய், பெயின்ற் தின்னர் என்று எதையாவது ஊற்றி வைத்திருப்பார்கள். அதனால் ஒவ்வொன்றையும் முகர்ந்து பார்த்து, சந்தேகமானதை ஒதுக்கவேண்டும். அது என் பொறுப்பு.

அன்று எனக்குக் கடும் தடிமன்; மூக்கடைத்து ஒரு மணமும் தெரியவில்லை. சொன்னால் வேறு ஆளை எடுத்துவிடுவார்களோ என்று பயம். முகர்வதுபோல் பாவனை செய்து எல்லாவற்றையும் கழுவி அடுக்கினேன்.

பின்னேரம், பியர் நிரப்புகிற மட்டக்களப்புக்காரர் தேநீருக்குப் போயிருந்தபோது ஒரு வயதான வெள்ளைக்காரர் வந்தார். நானே நிரப்பிக் கொடுத்தேன். மட்டக்களப்புக்காரர் திரும்பி வந்து அடுத்த போத்தலை எடுத்ததும் முகத்தைச் சுளித்தார்.

"அக்கா, இது தின்னர் மணக்குது. நீங்க பார்க்கல்லையா?"

"எனக்குத் தடிமன். ஒண்டும் மணக்கேல்லை" என்றேன். அப்போதுதான் உறைத்தது. காலையில் ஒருவர் இரண்டு போத்தல்களைச் சேர்த்துத் தந்திருந்தார்; இரண்டையும் கழுவி அருகருகே அடுக்கியிருந்தேன். இதன் சோடியைத்தான் கிழவருக்குக் கொடுத்திருக்கிறேன்.

கோட்டுக்கூடப் போடாமல் பனியில் ஓடினேன். தெருத் தண்டவாளத்தில் ஓடும் ஸ்ரீற்காரின் தரிப்பில், போத்தல் இருந்த பையை அணைத்தபடி கிழவர் நின்றார். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் "நோ ட்ரிங்க், நோ ட்ரிங்க்" என்று கத்தினேன். நான் குடித்தால் உனக்கென்ன என்று அவர் சீறினார். ஸ்ரீற்கார் வந்து நின்றது. வேறு வழி தெரியாமல் பையைப் பிடித்து இழுத்தேன். அது கைதவறி விழுந்து, உள்ளே போத்தல் உடைந்தது.

திட்டிக்கொண்டே குனிந்தவர் அப்படியே நின்றார். மணம் அவருக்குத் தெரிந்துவிட்டது. மனைவிக்கும் ஊற்றிக் கொடுத்திருப்பேனே என்று மெதுவாகச் சொன்னார். பிறகு கண்ணாடித் துண்டுகளை என்னோடு சேர்ந்து பொறுக்கினார்.

முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நன்றாக ஏசினார்; வேலையை விட்டு நிறுத்தவில்லை. மறுநாள் முதல் ஒவ்வொரு போத்தலையும் இரண்டு பேர் முகரவேண்டும் என்றார்.

ஸ்ரீற்கார் ஒரு நிமிடம் முந்தி வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைப்பேன். முடியாததை முடியாது என்று காலையிலேயே சொல்லிவிடும் துணிச்சல் அந்த நினைப்பிலிருந்துதான் எனக்கு வந்தது.