தண்ணீர் தேங்காத தெருவிலிருந்து தி.நகர் வரை

காலை 9.40. மயிலாப்பூரில் எங்கள் தெருமுனையில் ஆட்டோ ஏறினோம். தி.நகர் ஐந்து கிலோமீட்டர். கேட்டது இருநூற்றைம்பது, படிந்தது இருநூறு. உடன் வந்தவர் நூர்ஜஹான், எங்கள் அடுக்ககத்தின் தரைத்தளத்தில் வாடகைக்கு இருக்கும் தையல்காரர். அவருடைய கணவர் காதர் பாய் பக்கவாதத்தில் படுத்துக் கிடக்கிறார். போன மழையில் வீட்டுக்குள் முழங்காலளவு தண்ணீர் வந்தபோது அவரை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து மாடிக்குத் தூக்கினோம். தூக்கினோம் என்று சொல்லிக்கொள்கிறேன். நான் டார்ச் பிடித்தேன்.

இன்று வடிகால் கேட்டு மனு. எழுதியது நான். குடியிருப்போர் சங்கத்துக்கு நான்தான் செயலாளர்.

"மழைக்கு முன்னாடி போட்டுருவாங்களாண்ணே?" என்று நூர்ஜஹான் கேட்டார்.

"கேட்டுப் பார்ப்போம்."

10.10. லஸ். மெட்ரோ வேலைக்காக நட்ட தகரத் தடுப்புகளுக்கு இடையே ஆட்டோ ஊர்ந்தது.

"இன்னா சார், பூமிக்கு அடில ரயிலே வுட்றான். உன் தெருவுல ஒரு கால்வா வெட்ட மாட்டானா?" என்றார் ஓட்டுநர்.

"எல்லாவற்றுக்கும் வரிசை இருக்கிறது."

"வரிசைல உன் தெரு கீதா?"

நான் தகரத்தைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

10.55. தி.நகர் மாநகராட்சி அலுவலகத்தில் எங்களைச் சந்தித்த பொறியாளர் பொறுமைசாலியான பெண்மணி. வடிகால், கடன் வாங்கிக் கட்டுவது. கடன் கொடுப்பவர்கள் ஆதாரம் கேட்பார்கள். அதனால் ஒவ்வொரு தெருவுக்கும் மதிப்பெண் என்று விளக்கினார். எத்தனை புகார், எத்தனை முறை மோட்டார் வைத்து இறைத்தார்கள் என்பதெல்லாம் கணக்கு.

"உங்க தெருவுக்கு பூஜ்யம் சார். ஒரு புகார்கூட இல்ல."

"எப்டிம்மா இல்லாம பூடும்? தண்ணில நின்னுக்கினு இருந்தோமே!" என்றார் நூர்ஜஹான்.

பொறியாளர் கோப்பிலிருந்து ஒரு தாளை உருவினார். "சங்கத்துலயே எழுதிக் குடுத்திருக்காங்கம்மா. 'எங்கள் தெருவில் மழைநீர் தேங்கும் வழக்கம் இல்லை. தாழ்வான பகுதிகளின் பட்டியலிலிருந்து நீக்குமாறு கோருகிறோம்.'" கீழே இருந்த பெயரையும் வாசித்தார். என் பெயர்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் எழுதியது. மூன்றாவது மாடி விலைக்கு இருந்தது. பட்டியலில் ஏறினால் விலை இறங்கும் என்று சங்கம் கூடித் தீர்மானித்தது. யாரும் புகார் செய்யக் கூடாது, சொந்த மோட்டாரால் இறைத்துக்கொள்வது. சங்கக் கூட்டத்துக்கு வாடகைக்காரர்களை அழைப்பதில்லை. கடிதத்துக்கு மூன்று வரைவு போட்டேன். நல்ல தமிழ் என்று பாராட்டினார்கள்.

"இப்போது திருத்த முடியாதா?"

"எழுதிக் குடுங்க சார். ஆனா தெருப் பட்டியலோட சேர்த்துத்தான் கடன் கையெழுத்தாயிருக்கு. அடுத்த கட்டத்துல பார்க்கலாம்."

"அது எப்போது?"

"இது முடியணும். அப்புறம் மறுபடியும் கடன் கேக்கணும்."

மனுவைக் கொடுத்து, ஒப்புகை முத்திரை வாங்கிக்கொண்டேன்.

12.20. திரும்பும்போது பேருந்து. எனக்குப் பத்து ரூபாய், பெண்களுக்கு இலவசம். நூர்ஜஹான் ஜன்னலோரம் உட்கார்ந்தார். நான் பக்கத்தில் நின்றேன். ஆழ்வார்பேட்டை தாண்டியதும் கேட்டார்.

"அண்ணே, அந்த மூணாவது மாடி வித்துச்சா?"

"விற்றது."

"நல்ல வெலைக்கா?"

"நல்ல விலைக்குத்தான்."

தலையசைத்தார். "இந்தத் தபா மானம் கறுத்ததுமே அவர உங்க ஹால்ல கொண்டாந்து போட்டுர்றேன். நாற்காலில குந்த முடியாது இப்போ. கட்டிலோடதான் தூக்கணும்" என்றார்.

"தாராளமாக" என்றேன். தாராளம் என்னிடம் எப்போதும் உண்டு.

1.15. வீடு. தி.நகர் போய் வந்தவனுக்குத் தரைத்தளத்திலிருந்து என் வாசல் பதினெட்டுப் படிதான். டேப் எடுத்துக்கொண்டு இறங்கினேன். கட்டில் ஆறடிக்கு மூன்றடி. நான் அளப்பதைக் காதர் பாய் படுத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மாடிப்படியின் திருப்பத்தை அளந்தேன். இரண்டாம் முறையும் அளந்தேன். ஆளோடு கட்டில் திரும்பாது.

உள்ளே தையல் மெஷின் ஓடத் தொடங்கியது. நூர்ஜஹானிடம் இன்னும் சொல்லவில்லை. எழுதிக் கொடுப்பதென்றால் எனக்குச் சுலபம்.