ஓரத்தில் எழுதிய ஊகம்

மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவளுக்குச் சாயங்காலம் வேறொரு பிழைப்பு. அறிவியல் நாவல்களுக்கு ஒரு வாரப் பத்திரிகையில் மதிப்புரை எழுதினாள். அவள் வாசிப்பதே தனி தினுசு. வலப்பக்கத்தை முடித்ததும் தாளைத் திருப்பிவிட மாட்டாள். அடுத்து என்ன நடக்கும் என்று ஓரத்தில் பென்சிலால் எழுதிவிட்டுத்தான் திருப்புவாள். ஊகம் சரியென்றால் ஒரு டிக். டிக் நிறைந்த நாவலை மதிப்புரையில் நார் நாராகக் கிழித்துவிடுவாள்.

“பென்சிலம்மா, உங்க டிக்கை நினைச்சாலே எழுத்தாளருங்களுக்கு வயித்தைக் கலக்குதாம்,” என்பார் பத்திரிகை ஆசிரியர்.

அந்த வாரம் வந்தது யாரோ புதியவர் எழுதிய நாவல். செவ்வாய் கிரகத்துச் சுரங்கத்தில் ஓர் அக்காவும் தம்பியும். ‘விளக்கு அணையும்’ என்று எழுதித் திருப்பினாள். கதையில் அணையவில்லை, வீட்டில் அணைந்தது. ‘கூரை ஒழுகும்’ என்று எழுதினாள். கதையில் ஒரு சொட்டு இல்லை. மாடிவீட்டுக் குழாய் வெடித்து அவள் தலையிலேயே சொட்டியது.

லிஃப்ட் பழுதுபார்க்கும் அவள் தம்பி, வாளியை வைத்துக்கொண்டே சிரித்தான். “உன் தப்பெல்லாம் இங்க வந்து பலிக்குதா? அப்போ எனக்குச் சம்பளம் ஏறும்னு ஒரு வரி போடுக்கா.”

“போடா, அதெல்லாம் மாயாஜாலக் கதை. எனக்குக் குடுத்தது அறிவியல்.”

மறுநாள் அவளுக்கு விடுமுறை. தம்பி வேலைக்குக் கிளம்பியதும் நாவலை எடுத்தாள். பழக்கதோஷம், கை தானாக எழுதியது: ‘தம்பி குழிக்குள் இறங்குவான். திரும்ப மாட்டான்.’ திருப்பினாள். அந்தத் தாளின் மறுபக்கத்தில் கதைத் தம்பி சிரித்துக்கொண்டே திரும்பி வந்து, தண்ணீர் வாங்கிக் குடித்தான்.

ஊகம் தப்பு. தப்பானதுதானே இங்கே பலிக்கிறது? உடனே தம்பிக்குப் போன் போட்டாள்.

அடித்து அடித்து ஓய்ந்தது. ரப்பரை எடுத்துத் தேய்த்தாள். எழுத்து போனது, அழுத்திய தடம் போகவில்லை. லென்ஸ் தேய்த்துப் பழகிய கை, விடவில்லை. தாள் நைந்து கிழிந்தது. கிழிசல் ஓரத்தோடு நிற்காமல் வரிகளுக்குள்ளும் ஓடியது.

சாயங்காலம் தம்பி வந்தான், முழங்கை வரை கிரீஸ்.

“நான் பிழைச்சதே பெரிசுக்கா. லிஃப்ட் குழிக்குள்ள நின்னு போல்ட்டு முடுக்கிட்டிருந்தேன். மேல யாரோ எதையோ பரபரன்னு தேய்க்கிற சத்தம். எவன்டா அதுன்னு ஏறிப் பார்த்தா ஆளே இல்லை. அந்த நேரம் பார்த்து லிஃப்ட்டு பொத்துனு குழிக்குள்ள விழுந்துச்சு.”

அவள் டம்ளரில் தண்ணீர் நீட்டினாள். வாங்கியவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“இதை என்ன பண்ணணும்?”

“விளையாடாதேடா. குடி.”

“குடிக்கிறதுன்னா?”

முகத்தில் கேலியே இல்லை. அவள் நாவலுக்கு ஓடினாள். கிழிசலின் மறுபக்கம், கதைத் தம்பி திரும்பி வந்த வரி பிழைத்திருந்தது. தண்ணீர் குடித்த வரியைக் காணோம்.

பென்சிலைச் சீவினாள். அடுத்த வலப்பக்கத்தின் ஓரத்தில் எழுதினாள்: ‘தம்பிக்குத் தாகம் எடுக்கும்.’ கதையிலும் தாகம் எடுத்துவிட்டால் அது வெறும் டிக். வீட்டில் ஒன்றும் நடக்காது. தன் ஊகம் தோற்க வேண்டும் என்று முதல்முறையாக வேண்டிக்கொண்டாள்.

எதிரே உட்கார்ந்திருந்த தம்பி, வெடித்த உதட்டோடு சிரித்தான்.

“என்னக்கா யோசனை? திருப்பேன்.”